உப்பில் தேட வேண்டியதை இரத்தத்தில் தேடியவர்

டேவிட் ஸ்டார் ஜோர்டான் என்ற பெயரை நம் பக்கத்தில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மீன் வகைப்பாடு படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து விவரித்துப் பெயர் வைத்த மீன்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். 34 வயதில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் தலைவர். 1891-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் திறந்தபோது அதன் முதல் தலைவர். அங்கே 1913 வரை அதே நாற்காலி.

நான் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். வகைப்பாட்டியல் பாடம் என்றாலே பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும் என்பதால் இடையிடையே ஆட்களின் கதை சொல்வேன். ஜோர்டான் கதைக்கு எப்போதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். 1906 ஏப்ரல் 18, அதிகாலை, சான்ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கம். ஸ்டான்ஃபோர்டில் மீன் ஜாடிகள் அலமாரிகளிலிருந்து விழுந்து நொறுங்கின. மீன் ஒரு பக்கம், பெயர்ச்சீட்டு ஒரு பக்கம். எந்தச் சீட்டு எந்த மீனுடையது? பல வருட உழைப்பு தரையில் கிடக்கிறது. அவர் அசரவில்லை. அடையாளம் தெரிந்த மீன்களை எடுத்து, சீட்டை மீனின் உடம்பிலேயே ஊசி நூலால் தைத்துவிட்டார் என்று சொல்வார்கள். இனி ஜாடி உடைந்தாலும் பெயர் போகாது.

அந்த வகுப்பில் இருந்த பெண் ஒருத்தி இப்போது அமெரிக்காவில், இந்தியானா பல்கலைக்கழகம் இருக்கும் புளூமிங்டனில் ஆராய்ச்சி செய்கிறாள். போன மாதம் பேசும்போது, "டீச்சர், நீங்க சொன்ன மீன்காரர் பேரை இங்க கட்டடத்துலேர்ந்து எடுத்துட்டாங்க, தெருவுலேர்ந்தும் எடுத்துட்டாங்க, ஓடையிலேர்ந்துகூட எடுத்துட்டாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஸ்டான்ஃபோர்டு எப்படிப் பிறந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். லேலண்டு ஸ்டான்ஃபோர்டு ரயில்வேயில் சம்பாதித்த பெரும் பணக்காரர். அவருக்கும் ஜேன் அம்மையாருக்கும் ஒரே மகன். 1884-ல், பதினாறு வயதுகூட நிரம்பாத அந்தப் பையன் இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் டைஃபாய்டில் இறந்துபோனான். கலிபோர்னியாவின் பிள்ளைகளே இனி எங்கள் பிள்ளைகள் என்று சொல்லி அவன் பெயரில் பல்கலைக்கழகம் கட்டினார்கள். நகரத்தார் வீட்டில் பிறந்த எனக்கு இது அந்நியமாகப் படவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளை கூட்டிக்கொள்வது, அதாவது தத்து எடுப்பது, எங்களுக்கு வழக்கம். சொத்தைக் கல்விக்கு எழுதிவைப்பதும் இந்த மண்ணில் நடந்திருக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார் அழகப்பச் செட்டியார். அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் நான் நினைப்பது, கொடுத்தவர் மனது ஒன்று, பிறகு அந்த இடத்தில் உட்காருகிறவர் மனது இன்னொன்று என்பதைத்தான்.

1893-ல் லேலண்டு ஸ்டான்ஃபோர்டு இறந்தார், சொத்து வழக்கில் முடங்கியது. வீட்டுச் செலவுக்கு நீதிமன்றம் அனுமதித்த பணத்தை எடுத்து ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தார் ஜேன். நகைகளை விற்கவும் துணிந்தார். அந்த அம்மையாருக்கும் தலைவர் ஜோர்டானுக்கும் கடைசி வருடங்களில் ஒத்துப்போகவில்லை. 1905 ஜனவரியில் சான்ஃபிரான்சிஸ்கோ வீட்டில் அவர் குடித்த தண்ணீர் கசந்தது. சோதித்துப் பார்த்தால் ஸ்ட்ரிக்னைன். நம் ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கிறதே, அதே விஷம். பயந்துபோய் ஹவாய்க்குப் போனார். அங்கே பிப்ரவரி 28 இரவு, வயிற்றுக்காகச் சோடா மாவு மருந்து சாப்பிட்டவர், உடம்பு விறைத்து இறந்தார். ஹொனலூலு விசாரணைக் குழு ஸ்ட்ரிக்னைன் நஞ்சு, வைத்தவர் யாரென்று தெரியாது என்று தீர்ப்புச் சொன்னது. கப்பலேறிப் போன ஜோர்டான் வேறொரு மருத்துவரைக் காசு கொடுத்து அமர்த்தி, இதயக் கோளாறு என்று சொல்லவைத்தார். உலகம் சுமார் நூறு வருடம் அதை நம்பியது. ராபர்ட் கட்லர் என்ற மருத்துவர் பழைய ஆவணங்களை எல்லாம் எடுத்துப் படித்து, விஷம்தான் என்று 2003-ல் விரிவாக எழுதினார்.

யார் மீதும் வழக்கே நடக்கவில்லை. ஜோர்டான்தான் கொன்றார் என்று சொல்ல ஆதாரம் கிடையாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணெதிரே ஆய்வக முடிவு இருக்கும்போது அதை மாற்றிச் சொல்ல ஓர் ஆளைத் தேடிப் பிடித்தாரே, அது ஒரு விஞ்ஞானி செய்யக்கூடிய காரியமா?

கொலைக் கதை என்பதால் இதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இதைவிடக் கனமாகத் தெரிவது வேறு.

கடல் பீச்சி, அதாவது அசிடியன் என்ற கடல் உயிரி, கல்லூரியில் விலங்கியல் எடுத்தவர்களுக்கு நினைவிருக்கும். இளவுயிரிக்கு வால் உண்டு, முதுகைத் தாங்கும் தண்டு போன்ற முதுகுநாண் உண்டு, சுறுசுறுப்பாக நீந்தும். வளர்ந்ததும் பாறையில் ஒட்டிக்கொண்டு, வாலையும் முதுகுநாணையும் இழந்து, ஒரு பை போல ஆகிவிடும். பின்னோக்கு உருமாற்றம் என்று பாடத்தில் வரும். ஒரே இடத்தில் இருந்து நீரை வடிகட்டிச் சாப்பிட அந்த உடல் போதும், அதற்கு மேல் தேவை இல்லை. அவ்வளவுதான் உயிரியல். ஜோர்டானுக்கோ அது ஒழுக்கப் பாடமாகத் தெரிந்தது. உழைக்காமல் ஒட்டி வாழ்ந்தால் உயிரினம் தரம் கெடும், விலங்குகளிலும் பிச்சைக்காரத்தனம் உண்டு என்று எழுதினார். அங்கிருந்து மனிதருக்குத் தாவ அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஏழையை, நோயாளியை, புத்தி மந்தமானவரைத் தாங்கிப் பிடித்தால் மனித இனமே கீழே போகும் என்றார்.

1873-ல் பெனிகீஸ் என்ற சின்னத் தீவில் விலங்கியலாளர் லூயி அகாசி நடத்திய கோடைக்கால வகுப்பில் இளைஞர் ஜோர்டான் சேர்ந்தார். உயிர்களை மேல் கீழ் என்று படிவரிசையில் அடுக்குவதே அகாசியின் பார்வை. கறுப்பின மக்களை வேறு படைப்பு என்றே சொன்ன மனிதர் அவர். ஆசிரியர் பரிணாமத்தை ஏற்கவில்லை, மாணவர் ஏற்றுக்கொண்டார். ஏணியை மட்டும் இருவருமே கைவிடவில்லை. ஆசிரியத் தொழில் பார்த்தவள் என்ற முறையில் இந்த இடம் என்னை மிகவும் கலங்கடிக்கிறது. நாம் சொல்லிக் கொடுக்கும் பாடத்தைவிட, பாடத்துக்கு அடியில் இருக்கும் நம் பார்வைதான் பிள்ளைகளிடம் போய்ச் சேர்கிறது.

அப்புறம் அவோஸ்டா. இத்தாலியில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஊர். 1880-களில் அங்கே போன ஜோர்டான், கழுத்தில் பெரிய கழலையோடு, குட்டையாக, மூளை வளராமல், தெருவில் உட்கார்ந்திருந்த மனிதர்களைப் பார்த்தார். கிரெட்டினிசம் என்று படித்திருப்போமே, அந்த நோய். தேவாலயம் இவர்களுக்குச் சோறு போட்டது, கல்யாணம் செய்துகொள்ள விட்டது, அதனால்தான் பெருகினார்கள், இரக்கம் செய்த கேடு இது என்று முடிவு கட்டினார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார், எழுதினார். 1910-ல் மறுபடி போனபோது அநேகமாக யாரும் மிச்சம் இல்லை. ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாகப் பிரித்துவைத்ததால் வந்த பலன் என்றார்.

உண்மையான காரணம் அயோடின். மலை மண்ணில் அயோடின் இல்லை. அதனால் தண்ணீரில் இல்லை, காய்கறியில் இல்லை. தாய்க்குத் தைராய்டு சுரக்காவிட்டால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு மூளை வளராது. இரத்தத்தில் ஒரு குற்றமும் இல்லை. 1922-ல் ஸ்விட்சர்லாந்து உப்பில் அயோடின் சேர்க்க ஆரம்பித்தது, 1924-ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம். கழலை மறைந்தது, புதிதாகக் கிரெட்டின் குழந்தைகள் பிறப்பது நின்றது. இதெல்லாம் ஜோர்டான் உயிரோடு இருந்த காலம். அவர் இறந்தது 1931-ல். நம் நாட்டில் 1956-ல் தொடங்கி இமாசலத்தின் காங்கிரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமியும் குழுவினரும் அயோடின் உப்பைக் கொடுத்து ஆராய்ந்து, கழலை குறைவதைக் கண்ணெதிரே காட்டினார்கள். (எங்கள் தெருவில் இன்னும் பல வீடுகளில் சமையலுக்கும் அயோடின் சேர்க்காத கல்லுப்புதான் வாங்குகிறார்கள். ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள், குழம்புக்கு வேண்டாம், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.)

மீனின் துடுப்புக் கதிரை ஒவ்வொன்றாக எண்ணிய மனிதர் அவர். ஒரு செதில் வரிசை கூடினால் கண்டுபிடிப்பார். அதே கண் அவோஸ்டாவில் தண்ணீரைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்க்கவில்லை, பாட்டியிடம் போய் உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்கவில்லை. ஏன்? இவர்கள் ஏணியில் எந்தப் படி என்பது அவருக்கு முன்னாலேயே முடிவாகிவிட்டது. அதனால்தான் அவர் விஞ்ஞானத்தில் நல்லவர், கொள்கையில்தான் கெட்டவர் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் தோற்றது விஞ்ஞானத்திலேயேதான்.

எங்கள் அம்மானைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஆத்தாவுக்கு நேர் இளையவர். சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவர். பேச்சு குழறும், இடது கால் இழுக்கும், எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆயா வீட்டில் விசேஷம் என்றால் பங்காளி வீடுகளிலிருந்தெல்லாம் பாத்திரம் வரும். பித்தளை அண்டா, தவலை, தாம்பாளம், எவர்சில்வர் வாளி எல்லாம் கலந்து வளவில் மலைபோலக் குவியும். எல்லாவற்றிலும் அந்தந்த வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். விசேஷம் முடிந்து, கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை வீடு வாரியாகப் பிரிக்கிற வேலை அம்மானுடையது. ஒவ்வொன்றையும் மடியில் வைத்து, விளிம்புக்குக் கீழே கட்டைவிரலால் மெதுவாகத் தடவுவார். எழுத்து தெரியாத மனிதர், வெட்டின தடம் விரலுக்குத் தெரியும். தடவிவிட்டுத் தலையைச் சாய்த்து அந்த வீட்டு ஆச்சியின் பெயரைக் குழறிச் சொல்வார். மூடி மாறாது, கரண்டி மாறாது. ஒருமுறை ஓர் அடுக்கில் வேறு வீட்டுத் தட்டு ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டது. தூக்கிய உடனே கனத்தை வைத்தே தெரிந்துகொண்டு, எல்லாவற்றையும் பிரித்துப்போட்டுத் தேடி எடுத்தார்.

அப்படிப்பட்டவரைக் காரணம் காட்டி என் அக்காவுக்கு வந்த சம்பந்தம் ஒன்று நின்றது. இரத்தத்திலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூளைக்காய்ச்சல் பரம்பரை நோய் இல்லை என்று அப்பச்சி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள், காதில் ஏறவில்லை. பக்கத்து அறையில் அம்மான் இருந்தார். பேச வராதே தவிர, காது நன்றாகக் கேட்கும் அவருக்கு.

இதே பேச்சு ஒரு பல்கலைக்கழகத் தலைவர் வாயிலிருந்து வந்தால் என்ன ஆகும்? சட்டம் ஆகும். 1906-ல் அமெரிக்காவின் கால்நடை, பயிர் விருத்தியாளர் சங்கம் மனித இன மேம்பாட்டுக்கென ஒரு குழு அமைத்தது. தலைவர் ஜோர்டான். உயர்ந்த மாட்டை வளர்ப்பது போல உயர்ந்த மனிதரை வளர்க்க வேண்டுமாம். 1907-ல் உலகின் முதல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் வந்தது, அவர் முன்பு பல்கலைக்கழகத் தலைவராக இருந்த இந்தியானா மாநிலத்தில். 1909-ல் கலிபோர்னியா. கலிபோர்னியாவில் மட்டும் சுமார் 20,000 பேருக்கும், நாடு முழுவதும் 60,000-க்கு மேற்பட்டவர்களுக்கும் அறுவை செய்தார்கள். ஏழைப் பெண்கள், கறுப்பினத்தவர், மெக்சிகோ வம்சாவளியினர், மனநல மருத்துவமனையில் இருந்தவர்கள். இதைப் பிரசாரம் செய்ய பாசடீனா நகரில் தொடங்கிய அமைப்பிலும் ஜோர்டான் அறங்காவலர். அந்த அமைப்பின் வெளியீடுகளை ஜெர்மனியில் விரும்பிப் படித்தார்கள். 1933-ல் ஹிட்லர் அரசு கொண்டுவந்த சட்டத்தால் அங்கே சுமார் 4 லட்சம் பேருக்குக் கருத்தடை நடந்தது.

வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண். வளர்த்த வீட்டின் உறவுக்காரன் ஒருவன் பலாத்காரம் செய்ததில் கர்ப்பமானாள். மானத்தை மறைக்க அவளைப் புத்தி மந்தமானவள் என்று காப்பகத்தில் சேர்த்தார்கள். 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவளுக்குக் கருத்தடை செய்யலாம் என்றது. மூன்று தலைமுறை மந்தபுத்தி போதும் என்று எழுதினார் நீதிபதி ஹோம்ஸ். அவள் மகள் விவியன் பள்ளியில் நன்றாகப் படித்து, சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டு வயதில் நோயில் இறந்தாள். கேரியின் தங்கை டோரிசுக்கும் குடல்வால் ஆபரேஷன் என்று பொய் சொல்லிக் கருத்தடை செய்துவிட்டார்கள். கல்யாணம் செய்துகொண்டு குழந்தைக்காக ஏங்கி ஏங்கி இருந்த அந்தப் பெண்ணுக்கு, கிழவியான பிறகுதான் விஷயம் தெரிந்தது.

ஜோர்டானைப் பாராட்டுகிறவர்கள் அவருடைய போர் எதிர்ப்பை எடுத்துக்காட்டுவார்கள். உலக சமாதானத்துக்காக அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசியது உண்மை. ஏன் போர் வேண்டாம் என்றார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். திடகாத்திரமானவன் போர்க்களத்தில் சாகிறான், நோஞ்சான் வீட்டில் இருந்து பிள்ளை பெறுகிறான், இனம் கெடுகிறது என்பதுதான் அவர் வாதம். அந்தச் சமாதானத்திலும் எங்கள் அம்மானுக்கு இடம் இல்லை.

இது ஏதோ வெள்ளைக்காரர் கதை என்று தள்ளிவிட முடியாது. நெருக்கடி நிலையின்போது 1976-77-ல் ஒரே வருடத்தில் 62 லட்சம் ஆண்களுக்கு இந்தியாவில் கருத்தடை நடந்தது. வற்புறுத்தியும் மிரட்டியும் நடந்தவை அதில் ஏராளம். 1994-ல் மகாராஷ்டிராவின் ஷிரூர் அரசு இல்லத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்குக் கர்ப்பப்பையையே எடுத்தார்கள். மாதவிடாய் நாளில் பராமரிக்கச் சிரமம் என்றார்கள். படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. நல்ல செய்தியும் உண்டு. 2009-ல் சண்டிகர் வழக்கில், மனவளர்ச்சி குன்றிய பெண் தன் கருவை வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரி பக்குக்குக் கிடைக்காத நீதி அது.

சரி, புளூமிங்டனிலிருந்து என் மாணவி கேட்ட கேள்விக்கு வருகிறேன். 2018-ல் ஸ்டான்ஃபோர்டை ஒட்டிய பாலோ ஆல்டோ நகரில் ஒரு பள்ளி அவர் பெயரை விட்டது. 2020 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டும் இந்தியானாவும் கட்டடங்களிலிருந்து எடுத்தன. ஸ்டான்ஃபோர்டில் இதற்காக மனு கொடுத்தது அந்தக் கட்டடத்திலேயே இருந்த உளவியல் துறை. புளூமிங்டன் தெருவுக்கு இப்போது ஈகிள்சன் என்ற கறுப்பினக் குடும்பத்தின் பெயர். செய்தது சரி என்பதே என் பதில். செத்தவரைத் தண்டிக்க என்று நான் சொல்லவில்லை. அந்தப் படியேறி வகுப்புக்குப் போகும் பிள்ளைகளில் யாரோ ஒருத்தியின் பாட்டி அந்தச் சட்டத்தில் அறுக்கப்பட்டவளாக இருக்கலாம். அவள் தினமும் அந்தப் பெயரை மரியாதையோடு அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் எதிர்பார்க்கக் கூடாது.

என் மாணவி இன்னொன்றும் கேட்டாள். "அப்ப மீனுக்கு வெச்ச பேரு டீச்சர்? ஜோர்டானெல்லா?" ஃபுளோரிடா நன்னீரில் வாழும் சின்ன மீன் அது, மீன்தொட்டிகளில் வளர்ப்பார்கள். 1879-ல் அவரைக் கௌரவித்து அந்தப் பேரினத்துக்கு வைத்த பெயர். அது இருக்கட்டும் என்றேன். விலங்கியல் பெயர், முதலில் வைத்த பெயரே நிலைக்கும் என்ற முன்னுரிமை விதிப்படி நிற்பது, உலகத்தில் எங்கிருந்தும் அந்த மீனைத் தேடி எடுப்பதற்கான முகவரி. அதை மாற்றினால் 140 வருடக் குறிப்புகள் குழம்பிப்போகும். கட்டடப் பெயர் அப்படி இல்லை. அது ஆண்டுதோறும் நாம் புதிதாகப் போடுகிற மாலை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். அவளுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. மீன் பெயரும் மாலைதானே டீச்சர் என்று வாதாடினாள். அடுத்த ஞாயிறு மறுபடி பேசுவதாக இருக்கிறோம்.